ரோட்டரி எஞ்சினுக்குக் காயில்: பார்க்க வேண்டியது வோல்ட் அல்ல, நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு பதிப்பின் வாகனப் பகுதியில், டர்போ பொருத்திய ரோட்டரி எஞ்சினின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் எஞ்சின்) திறனைக் கூட்ட விரும்புவோருக்காக வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழில் இப்படியொரு பொருளுக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதே எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் பற்றவைப்பு அமைப்பை, குறிப்பாகப் பிளக்கில் பொறி எழ உயர் மின்னழுத்தம் தரும் காயிலைத் தேர்ந்தெடுப்பது பற்றி, 'அதிக வோல்ட் தரும் காயிலை வாங்குங்கள்' என்று ஒரே வரியில் முடித்திருப்பது வாசகரின் பணத்தை வீணாக்கக்கூடிய அறிவுரை என்பதால் இதை எழுதுகிறேன்.

ஜப்பானிலிருந்து ஹாஃப்கட்டாக (பாதியாக வெட்டிய காராக) இங்கே மலேசியாவில் வந்திறங்கும் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். இரண்டு ரோட்டர்கள், மொத்தக் கொள்ளளவு 1,308 சிசி. சாதாரண நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் தண்டு இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு சிலிண்டரில் ஒரு முறை எரிதல் நடக்கும். ரோட்டரியிலோ தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டரிலும் ஒரு முறை எரிதல் நடக்கிறது. அதாவது, அதே வேகத்தில் ஓடும்போது ரோட்டரியின் பிளக் இரு மடங்கு உழைக்கிறது. நிமிடத்துக்கு 9,000 சுற்றில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 6.7 மில்லி விநாடிதான். காயில் மின்சாரத்தை உள்வாங்கி நிரம்புவதும், பொறியைக் கக்கி முடிப்பதும், அடுத்த முறைக்குத் தயாராவதும் அதற்குள் நடந்தாக வேண்டும்.

1991-இல் வந்த ஆர்எக்ஸ்-7இல் நிலைமை இன்னும் நெருக்கடியானது. ஒவ்வொரு ரோட்டருக்கும் முதலில் பொறி தரும் லீடிங், சற்றுப் பின்னால் பொறி தரும் ட்ரெயிலிங் என இரண்டு பிளக்குகள் உண்டு. அதில் இரண்டு ட்ரெயிலிங் பிளக்குகளுக்குத் தனித்தனிக் காயில் இருந்தாலும், இரண்டு லீடிங் பிளக்குகளுக்கும் சேர்த்து ஒரே காயில்தான். ரோட்டர்கள் 180 பாகை தள்ளி நிற்பதால், அந்தக் காயில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரு முறை பொறி தர வேண்டும். 9,000 சுற்றில் அதற்குக் கிடைக்கும் இடைவெளி 3.3 மில்லி விநாடி. முழுதாக நிரம்ப 3.5 மில்லி விநாடி கேட்கும் காயிலை அந்த இடத்தில் வைத்தால், பெட்டியின் மேல் எத்தனை ஆயிரம் வோல்ட் என்று அச்சிட்டிருந்தாலும் அது அரைவயிற்றோடுதான் வேலை செய்யும். காயிலில் தேங்கும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். பூஸ்ட், அதாவது டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தம், ஏற ஏற அறைக்குள் காற்று அடர்ந்து, அதே பிளக் இடைவெளியைத் தாண்டப் பொறிக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும் நேரமும் அதுதான்.

இதை நான் கண்ணால் கண்ட கதை ஒன்று உண்டு. 1.3 பார் பூஸ்டில் ஓடிய ஒரு கார், 7,500 சுற்றைத் தாண்டியதும் இருமத் தொடங்கியது. "அண்ணே, பம்ப் மாத்தியாச்சு, இன்ஜெக்டரும் மாத்தியாச்சு, இன்னும் அப்படியேதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டுதான் வாடிக்கையாளர் வண்டியை நிறுத்தினார். லீடிங் காயிலின் கம்பியில் மின்னோட்டக் கவ்வியை மாட்டி, மின்னோட்டத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தோம். 4,000 சுற்றில் கோடு சீராக மேலேறி உச்சத்தைத் தொட்டு விழுந்தது. 7,500இல் அதே கோடு பாதி மேட்டிலேயே முறிந்தது. போதாக்குறைக்கு, எஞ்சினின் எர்த் கம்பியை யாரோ பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே முடுக்கியிருந்தார்கள், பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்கக் காயிலுக்கு 12 வோல்ட்கூடப் போய்ச் சேரவில்லை. எர்த்தைச் சரிசெய்து, பிளக்குக்கு ஒன்றாக நான்கு தனிக் காயில்களைப் பொருத்திய பின், அதே பூஸ்டில், அதே பிளக்கில், அந்த இருமல் திரும்ப வரவில்லை. வாடிக்கையாளர் பழைய பம்பை இன்னும் கார் பூட்டில் வைத்துக்கொண்டு அலைகிறார் என்பது வேறு விஷயம்.

ஆகவே, 400 அல்லது 500 குதிரைத்திறன் போதும் என்பவர், உள்ளேயே இக்னைட்டர் (காயிலுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் மின்னணுச் சுவிட்ச்) கொண்ட தனிக் காயில்கள் நான்கை வாங்கினாலே போதும் என்பது என் கருத்து. ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகைக் காயில்களும், படகு எஞ்சின்களுக்காக உருவாகிப் பின்னர் பந்தயக்காரர்களிடம் பரவிய ஐஜிஎன்-1ஏ காயில்களும் இதற்குப் பொருந்தும். மாஸ்டாவே 2003-இல் வெளியிட்ட ஆர்எக்ஸ்-8இல் நான்கு பிளக்குகளுக்கு நான்கு காயில் என்ற முறைக்கு வந்துவிட்டது.

கட்டுரையாளர் புகழ்ந்திருக்கும் சிடிஐ பெட்டியை நான் குறை சொல்லவில்லை. அது மின்தேக்கியில் சேர்த்துவைத்த ஆற்றலை ஒரே வீச்சில் கொட்டுவதால், மிக உயர்ந்த பூஸ்டிலும், எரிபொருள் படிந்து நனைந்த பிளக்கிலும், மெத்தனால் ஊற்றி ஓட்டும் டிராக் கார்களிலும் அதற்கு நிகரில்லை. நிரம்பும் நேரமும் குறைவு. ஆனால் அந்தப் பொறியின் ஆயுள் மிகச் சிறியது. சாதாரணக் காயிலின் பொறி ஒன்று இரண்டு மில்லி விநாடி நீடித்து, நீண்டு மெலிந்த ரோட்டரி அறையில் சரியாகக் கலக்காத கலவைக்கும் பற்றிக்கொள்ள இன்னொரு வாய்ப்பு தருகிறது. தினமும் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வேலைக்குப் போகும் காருக்குச் சிடிஐ தேவையே இல்லை. 700 குதிரைத்திறனைத் தாண்டி ஓடுபவர்கள் அதைப் பற்றி யோசிக்கட்டும்.

கட்டுரையில் விடுபட்ட எச்சரிக்கை ஒன்றும் உண்டு. புதிய காயில்களைப் பொருத்துகையில், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவில் சிக்னலின் திசையைத் தலைகீழாக அமைத்துவிட்டால், காயில் நிரம்பத் தொடங்க வேண்டிய கணத்திலேயே பொறி வெடிக்கும். 3,000 சுற்றில் 3.5 மில்லி விநாடி என்பது தண்டு 63 பாகை திரும்பும் நேரம். அத்தனை முன்னதாகத் தீப்பற்றினால், ரோட்டரின் முனைகளை அடைக்கும் ஏபெக்ஸ் சீல் உடையும். உடைந்த துண்டு வெளியேறும் வழியில் டர்போவின் சக்கரத்தையும் கடித்துவிட்டுப் போகும். எனவே எரிபொருளை நிறுத்திவைத்து, ஸ்டார்ட்டரை மட்டும் சுழற்றி, டைமிங் விளக்கால் புல்லியின் குறியைச் சரிபார்க்காமல் எஞ்சினை உயிர்ப்பிக்கவே கூடாது.

இறுதியாக, கட்டுரையோடு வெளியான படத்தில் மேலுள்ள பிளக்கை லீடிங் என்றும் கீழுள்ளதை ட்ரெயிலிங் என்றும் குறித்திருக்கிறீர்கள். 13பி எஞ்சினில் மேலே இருப்பது ட்ரெயிலிங், கீழே இருப்பது லீடிங். ஆர்எக்ஸ்-7 தொழிற்சாலையிலிருந்து வந்தபோது லீடிங்கில் 7ஆம் வெப்ப எண்ணும் ட்ரெயிலிங்கில் அதைவிடக் குளிர்ந்த 9ஆம் எண்ணும் கொண்ட என்ஜிகே பிளக்குகள் இருந்தன. தங்கள் படத்தைப் பார்த்துப் பிளக் மாட்டுபவர் சூடான பிளக்கைத் தவறான துளையில் வைப்பார். காயில் கம்பிகளையும் அதே போல மாற்றிப் பொருத்துவார். அடுத்த ஞாயிறு பதிப்பிலேயே, அதே பக்கத்தில், திருத்தத்தைப் படத்தோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறை நடத்தும் வாசகர்,
கிள்ளான், சிலாங்கூர்