எட்டரை மணி ஜெபமும் குழிமுசலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவப் பிள்ளைகள் கோயிலுக்கு வருவது குறைந்துவிட்டது, ஓய்வுநாள் பள்ளியில் (பிள்ளைகளின் ஞாயிறு வேத வகுப்பில்) பெரிய திரையும் நல்ல இசைக்கருவிகளும் வைத்தால் தானாக வருவார்கள் என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். அவருடைய கவலை எனக்கும் உண்டு. திரை வாங்கினால் சரியாகிவிடும் என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

நான் நாசரேத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். பிரசங்கியார் இல்லை, சபையை நிர்வகிக்கும் சேகர கமிட்டியிலும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு மகள், ஐந்தாம் வகுப்பில் ஒரு மகன். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஓய்வுநாள் பள்ளி வாரத்துக்கு முக்கால் மணி நேரம். மே மாதம் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி சில நாள் நடக்கும், செயல்பாட்டுக் கதை, டான்ஸ், கடைசி நாள் சான்றிதழ். மற்ற நேரமெல்லாம் பிள்ளை நம் வீட்டில்தானே இருக்கிறது?

என் அப்பா இருந்தபோது ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். ஜெபம் முடியும்வரை அடுக்களையில் தட்டு எடுக்கிற சத்தம் கேட்கக் கூடாது. கருவாட்டுக் குழம்பின் வாசனை நடுவீட்டுக்கே வந்து நிற்கும், அப்பா வேதப் புத்தகத்தின் லேவியராகமத்தில் பலிபீடத்தைச் சுற்றிக்கொண்டிருப்பார். ஆளுக்கொரு வசனம் சத்தமாக வாசிக்க வேண்டும். அந்தச் சுற்று வாசிப்பைத்தான் நானும் என் வீட்டில் வைத்திருக்கிறேன். பட்டறையிலிருந்து வந்து, வார்னிஷ் வாடை போகக் கை கழுவி உட்கார எட்டரை ஆகிவிடும்.

வீட்டில் ஐந்து பேர். அம்மா, மனைவி, மகள், மகன், நான். மகன் நான்காவது ஆள். அதிகாரத்தைத் திறந்ததும் அவன் கண் நேராக நான்காம் வசனத்துக்குப் போகும். அப்புறம் ஒன்பது, பதினான்கு, பத்தொன்பது என்று விரலை வைத்து எண்ணிக்கொண்டே போவான். மற்றவர்கள் வாசிக்கும்போது அவன் உதடு தன் வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும். ‘நேபுகாத்நேச்சார்’ மாதிரி ஒரு பேர் தன் முறையில் வருவது தெரிந்தால் உடனே தாகம் எடுக்கும். தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் முறை ஒன்று தள்ளிப்போய், அந்தப் பேர் என் தலையில் விழுந்திருக்கும்.

இவ்வளவுக்கும் காரணம் பக்தி குறைவு இல்லை. பிள்ளைக்குத் தமிழ் ஓடவில்லை. ஆங்கிலவழிப் பள்ளியில் தமிழ் ஒரு பாடம், அவ்வளவுதான். பரீட்சைக்கு வேண்டிய பக்கத்தை நெட்டுருப் போட்டு எழுதிவிடுகிறான். முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டுகிறான். இதைப் புரிந்துகொள்ளாமல் சில மாதங்களுக்கு முன் நான் ஒரு காரியம் செய்தேன். யாத்திராகமம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் திக்கித் திக்கி ஒரு வசனத்துக்கு ஒரு நிமிடம் எடுத்தான். அன்றைக்கு ஒரு விவசாயியின் மோட்டாரைத் தப்பாகக் கட்டிவிட்டு இரண்டாம் தடவை பிரித்த எரிச்சல் எனக்கு. வேதப் புத்தகத்தை அவன் கையிலிருந்து பிடுங்கி, “அஞ்சாவது படிக்கிற பய, எழுத்துக் கூட்டுறான்” என்று கத்திவிட்டேன். அடுத்த நாளிலிருந்து எட்டரை மணிக்கெல்லாம் அவனுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது.

ஒரு வாரம் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. எட்டாம் நாள் அவள் முறை வந்தபோது யாத்திராகமத்தை வாசிக்காமல் பக்கங்களைப் புரட்டி, எபேசியர் ஆறாம் அதிகாரம் நான்காம் வசனத்தை வாசித்தாள். பிதாக்கள் தங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தக் கூடாது என்கிற வசனம். நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை. அம்மா மட்டும் “ஆமென்” என்றார்கள்.

மனைவிக்குத் தரங்கம்பாடி, லுத்தரன் சபை. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கிய ஊர் என்று ஒரு பெருமை உண்டு. எங்கள் பக்கத்து மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820-இல்தான், நூறு வருஷத்துக்கு மேல் பிந்திவிட்டீர்கள் என்று சமயம் கிடைத்தால் குத்துவாள். லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் புத்தகத்தை அவர்கள் வீட்டில் சின்ன வயதிலேயே பாடம் பண்ண வைத்திருக்கிறார்கள். அதன் பகுதிகளுக்கு லுத்தர் வைத்த தலைப்பே, ஒரு குடும்பத் தலைவன் இதைத் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய விதம் என்பதுதான். குருவானவரின் தலையில் அவர் அதைக் கட்டவில்லை. பத்துக் கட்டளைகளில் ஒவ்வொரு கற்பனைக்குக் கீழேயும், இதற்கு அர்த்தம் என்ன என்று ஒரு கேள்வி வரும். மனைவி அந்தக் கேள்வியை எங்கள் வீட்டு ஜெபத்துக்குள் கொண்டுவந்தாள். வாசித்து முடித்ததும் ஆளுக்கொரு சொல்லுக்கு அர்த்தம் கேட்கலாம், யாரும் சிரிக்கக் கூடாது, அப்பாவுக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும். கடைசிச் சட்டம் எனக்காகவே போட்டது.

சனிக்கிழமைகளில் மட்டும் பைபிளின் பாட்டுப் புத்தகமான சங்கீதம். ஒரு சனிக்கிழமை 104-ஆம் சங்கீதம் வந்தது. உயர்ந்த மலைகள் வரையாடுகளுக்கும் கன்மலைகள் குழிமுசல்களுக்கும் அடைக்கலம் என்று அதில் ஒரு வசனம். வரையாடு என்றால் என்ன என்று மகன் கேட்டான். நான் ஏதோ காட்டு ஆடு என்றேன். மகள், “டேய், நம்ம மாநில விலங்குடா, நீலகிரி தார்னு படிச்சியே” என்றாள். அவன் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். பள்ளிப் புத்தகத்துப் பிராணி பைபிளுக்குள் நிற்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அப்புறம் குழிமுசல். நாற்பது வருஷமாக வாசித்திருக்கிறேன், ஒரு நாளும் அது என்னவென்று நினைத்துப் பார்த்ததில்லை. தெரியாது என்றேன். போனில் தேடினோம். இஸ்ரவேல் பக்கம் பாறை இடுக்குகளில் வாழ்கிற சின்னப் பிராணியாம், பார்ப்பதற்கு வாலில்லாத பெரிய எலி மாதிரி. நம் ஊரில் கிடையாது. அதனால்தான் மொழிபெயர்த்தவர்கள் இப்படி ஒரு பேர் வைத்திருப்பார்கள் என்று மகள் சொன்னாள். அன்றைக்கு ஜெபம் முடிய ஒன்பதே முக்கால். குழம்பு ஆறிப்போனது, யாரும் குறை சொல்லவில்லை. மறுநாள் எட்டரைக்குத் தலைவலி வரவில்லை.

இதனால்தான் திரை என்றதும் எனக்குச் சுருக்கென்கிறது. சில கோயில்களில் ஏற்கெனவே திரை வந்துவிட்டது. அதில் தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் போடுகிறார்கள், பிள்ளைகளுக்கு வசதியாம். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த எழுத்தில் வரையாடு எங்கே நிற்கும்? என் அம்மாவின் ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. உபதேசியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வேதம் வாசிப்பதற்கென்றே எழுத்துப் படித்தவர்கள். நாலு தலைமுறை கழித்து, பீஸ் கட்டிப் படிக்கிற பேரன் எழுத்துக் கூட்டுகிறான்.

ஆண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தன் இளம் சீடன் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பவுல் அப்போஸ்தலர் எழுதும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பேர் சொல்லி எழுதுகிறார். தகப்பன் கிரேக்கன் என்பதோடு அப்போஸ்தலர் நடபடிகள் முடித்துக்கொள்கிறது. நம் வீடுகளிலும் முக்கால்வாசி அதே கதைதான். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது கோயில் காணிக்கைக்கென்று பிடி அரிசி எடுத்துப் பானையில் போடுவது அம்மா. அதைப் பார்த்து என் மகன் தன் சின்னக் கையால் ஒரு பிடி சேர்த்துப் போடுகிறான். நாங்கள் ஆண்கள் சேகரத் தேர்தலில் எந்த அணி என்பதில் தீவிரமாக இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்போடு சேர்த்து குருவானவர் ஐயருடைய பிரசங்கத்தையும் பிரித்து மேய்கிறோம். பிள்ளைகள் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

என் நீண்ட ஜெபத்தையும் குறைத்துவிட்டேன். உலக சமாதானத்திலிருந்து தொடங்கி வீட்டுக்கு வருவதற்குள் மகன் தூங்கிவிடுவான். இப்போது முதலில் அவன் ஜெபிக்கிறான். ஆச்சி முட்டுவலி, பக்கத்து வீட்டு நாய், கணக்குப் பரீட்சை, ஆமென்.

இன்றைக்கு எண்ணாகமம் ஏழாம் அதிகாரம். எண்பத்தொன்பது வசனங்கள், ஒவ்வொரு கோத்திரத்துப் பிரபுவும் கொண்டுவந்த வெள்ளித்தாலமும் காளையும் ஆட்டுக்கடாவும். மகன் காலையிலேயே பார்த்துவிட்டான் போலிருக்கிறது. நான் பட்டறைக்குக் கிளம்பும்போது வண்டிப் பக்கத்தில் வந்து நின்று, “அப்பா, இன்னைக்கு மட்டும் சங்கீதம் 117 வாசிப்போமா?” என்று கேட்டான். அதில் இரண்டே வசனங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாசரேத், தூத்துக்குடி மாவட்டம்.