மதினியின் ரிப்போர்ட்

கோரிப்பாளையம், மதுரை

அன்புத் தோழிக்கு,

மதினியின் மார்பகப் புற்று பயாப்சி ரிப்போர்ட்டைப் படித்தேன். போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம், அதனால் எழுதுகிறேன். ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 என்ற புரதம், மூன்றுமே நெகட்டிவ். வேகமாக வளரும் வகைதான், உன்னிடம் மறைக்க மாட்டேன். திரும்ப வந்தால் பெரும்பாலும் முதல் மூன்று வருஷத்துக்குள் வரும். ஐந்தைத் தாண்டிவிட்டால் ஆபத்து நன்றாகக் குறைந்துவிடும்.

நோய் எப்படிப் போகும் என்று அறிய உங்க அண்ணன் விசாரிக்கச் சொன்ன மைக்ரோ ஆர்என்ஏ டெஸ்டுக்கு வருகிறேன். மைக்ரோ ஆர்என்ஏ என்பது நம் செல்லுக்குள் இருக்கும், சுமார் 22 மரபு எழுத்து நீளமுள்ள சின்ன இழை. தானாகப் புரதம் எதையும் உண்டாக்காது. மற்ற ஜீன்கள் அனுப்பும் செய்தியைப் பிடித்து அடக்கிவிடும். 1993-இல் ஒரு புழுவில் இதைக் கண்டுபிடித்த ஆம்ப்ரோஸ், ரவ்குன் இருவருக்கும் 2024-இல்தான் நோபல் கிடைத்தது. மார்பகப் புற்றில் மிர்-21 என்ற மைக்ரோ ஆர்என்ஏ கூடி, கட்டி வளராமல் தடுக்கும் பிடென் ஜீனை முடக்குகிறது. கட்டிக்குள் ஆக்சிஜன் பற்றாதபோது மிர்-210 ஏறும். அது கூடியவர்களுக்கு நோய் மோசமாகப் போவதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயாப்சி திசுவைப் பதித்து வைக்கும் மெழுகுக் கட்டியான பாரஃபின் பிளாக்கில் வருஷக்கணக்காகக் கிடந்த திசுவிலும் இதை அளக்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிய நம்பிக்கை.

ஆனால் ரத்தத்தில் அளப்பது வேறு கதை. சிவப்பணு உடைந்தால் அதிலிருந்து மிர்-16, மிர்-451 வெளியே வந்து கணக்கையே மாற்றிவிடும். சித்திரை வெயிலில் உசிலம்பட்டியிலிருந்து வரும் ட்யூப் என்ன நிலையில் இருக்கும் என்று லேபில் இருக்கும் எனக்குத் தெரியும். எந்த அளவுக்கு மேல் போனால் ஆபத்து என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட கணக்கும் இன்னும் வரவில்லை. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் ஒரு மருந்தைக்கூட மாற்றப்போவதில்லை.

அந்தக் காசை, பரம்பரையாக வரும் மார்பகப் புற்றோடு தொடர்புள்ள பிஆர்சிஏ ஜீன் டெஸ்டுக்கு வையுங்கள். அதில் கோளாறு தெரிந்தால் மதினியின் வைத்தியத்துக்கும் உதவும், அவங்க மகளையும் முன்கூட்டியே கவனிக்கலாம். ஆபரேஷனுக்கு முன்பே கீமோ கொடுக்க முடியுமா என்றும் டாக்டரிடம் கேள். பிறகு எடுக்கும் திசுவில் புற்று மிச்சமில்லை என்றால், இன்றைக்கு நம் கையில் இருக்கும் நல்ல அறிகுறிகளில் அதுதான் உறுதியானது. மிச்சம் இருந்தாலும் கேப்பசிடபின் என்ற கீமோ மாத்திரை போன்ற வழிகள் உண்டு.

வரும்போது ஸ்லைடோடு பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்கி வா. எங்கள் மாடி காலியாகத்தான் கிடக்கிறது. கீமோ நாட்களில் மதினி இங்கேயே தங்கட்டும், சமையல் என் பொறுப்பு.

உன்
தோழி