நெமூர் வாரிசுதாரர்களுக்கு ஒரு மடல்

நெமூர் ஊர் மினொரே, மசேன், கிரெமியேர் குடும்பத்தாருக்கு,

பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக் 1841-இல் ‘உர்சூல் மிரூவே’ நாவலில் உங்களை நிற்க வைத்த நாளிலிருந்து, படிப்பவர்கள் எல்லாரும் உங்களைத் திட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நானும் திட்டினேன். இரண்டாம் தடவை படித்தபோது கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

முதல் காட்சியில் சிரிப்புதான் வருகிறது. 1829 செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை. சாமி இல்லை என்று ஆயுசு முழுக்கச் சொன்ன உங்கள் பணக்கார உறவினர் டாக்டர் மினொரே, வளர்ப்புப் பெண் உர்சூலோடு பூசைக்குப் போகிறார். கிழவருக்குப் பக்தி முற்றினால் சொத்து கைவிட்டுப் போய்விடுமே என்று உங்களுக்கு வயிற்றில் புளி கரைகிறது.

உர்சூல் தாய் தகப்பன் இல்லாதவள். டாக்டரின் மாமனாருக்கு முறையான திருமணத்துக்கு வெளியே பிறந்த மகனின் மகள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். டாக்டர் அவள் பேருக்கு வெளிப்படையாக உயில் எழுதினால், அவள் அப்பன் பிறப்பைக் காட்டி வழக்குப் போட இடமுண்டு என்று நோட்டரி (உயில், பத்திரம் எழுதித் தரும் சட்ட அலுவலர்) தியோனி உங்களுக்குச் சொல்லித் தந்தார். டாக்டருக்கும் அது தெரியும். அதனால்தான் அவளுக்கான கடன் பத்திரங்களைப் புத்தக அலமாரியில் ஒளித்து வைத்தார். எந்தப் புத்தகத்தில்? ரோமானியச் சட்டத் தொகுப்பான பாண்டெக்ட்டில்! பால்சாக்கின் குசும்பு.

குதிரை வண்டி அஞ்சல் நிலையம் நடத்தும் மினொரே-லெவ்ரோ அவர்களே, உங்களிடம் தனியாக ஒன்று. சாகக் கிடந்த டாக்டர் உர்சூலிடம் சொன்னதை ஒட்டுக் கேட்டீர்கள், அவளுக்கு முன்னால் ஓடிப்போய், பத்திரங்கள் இருக்கும் இடத்தைச் சொன்ன கடிதத்தை எடுத்தீர்கள், பத்திரங்களையும் எடுத்துக்கொண்டீர்கள். கடிதத்தைக் கொளுத்தும்போது முதல் இரண்டு தீக்குச்சியும் பற்றவில்லையே, கை நடுங்கவில்லையா? மூன்றாவது பற்றியது. பிறகு டாக்டர் உர்சூலின் கனவில் வந்து திருட்டைக் காட்டிக் கொடுத்தார். ஆவி சாட்சி சொல்வது எனக்கு ஒட்டவில்லை. ஆனால் எழுத்துச் சாட்சியைத்தான் சாம்பலாக்கிவிட்டீர்களே, பால்சாக் வேறு யாரைக் கூண்டில் ஏற்றுவார்? கடைசியில் வண்டி விபத்தில் போனது உங்கள் மகன் தெசிரே. சட்டம் படித்த பையன், திருட்டில் பங்கில்லாதவன். அந்தப் பக்கத்தை இன்னும் என்னால் வேகமாகக் கடக்க முடியவில்லை.

திருடியது நீங்கள்தான், மறுக்கவில்லை. டாக்டரை ஒளிக்க வைத்தது யார் என்பதுதான் என் கேள்வி. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்குப் பிரான்ஸ் பொதுவாகச் சம உரிமை கொடுத்தது 1972-இல். மிச்சமிருந்த பாகுபாடு 2001-இல்தான் போனது. அந்தச் சட்டம் அன்றைக்கே இருந்திருந்தால், டாக்டர் நோட்டரி முன்னால் உட்கார்ந்து உயில் எழுதியிருப்பார். நீங்கள் தீப்பெட்டியைத் தேடியிருக்க மாட்டீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்