அன்றைக்கு அரை நிலாதான்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் காதுதான் மந்தம், மற்றபடி தெம்பாக நடமாடுகிறாள்.

நீ எழுதியிருந்த ஒரு வரி நாலு நாளாக என்னை விடவில்லை. "ராஜீவ் காந்தி செத்த ராத்திரி பௌர்ணமி வெளிச்சத்தில் திண்டிவனம் வரை நடந்தோமே, பகல் மாதிரி இருந்ததே" என்று எழுதியிருந்தாய். எனக்கு ஞாபகம் இருப்பது இருட்டு. உன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ரோட்டோரப் பள்ளத்தில் கால் இடறி, செருப்பு வார் அறுந்து, மீதித் தூரம் வெறுங்காலோடு வந்தேன். மகளிடம் சொன்னேன். அவள் செல்போனில் பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தாள். 1991 மே மாதப் பௌர்ணமி 28ஆம் தேதி. நமக்கு அது நடந்தது 21, செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அரை நிலாதான், அதுவும் ராத்திரி ஒரு மணி வாக்கில் மறைந்திருக்கும். நாம் தண்ணீர் தேடி இறங்கியது விடிவதற்குக் கொஞ்சம் முன்னால்.

உன்னைத் தோற்கடிக்க இதை எழுதவில்லை. இன்னொன்றும் மகள்தான் சொன்னாள். 1986இல் அமெரிக்காவில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், உல்ரிக் நைசர் என்ற பேராசிரியர் தன் மாணவர்களிடம் 'செய்தி கேட்டபோது எங்கே இருந்தீர்கள்' என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டாராம். இரண்டரை வருஷம் கழித்து அதையே திரும்பக் கேட்டால், பலர் வேறு இடம், வேறு ஆள் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய சொந்தக் கையெழுத்தைக் காட்டிய பிறகும் பழைய ஞாபகம் திரும்பவில்லையாம். இரண்டரை வருஷத்துக்கே அப்படி என்றால் நமக்கு எத்தனை வருஷம் ஆகிவிட்டது!

சரி, என் ஞாபகத்தில் இருப்பதை எழுதுகிறேன். நீ திருத்து.

இன்டர்வியூ முடித்துவிட்டுப் பாரிமுனையில் திருவள்ளுவர் பஸ் ஏறினோம், மணி ஒன்பது இருக்கும். பத்தே கால், பத்தரைக்கு ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த நேரம் நாம் செங்கல்பட்டை நெருங்கியிருப்போம். நீ என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாய். கத்திரி வெயில் காலம், ஜன்னல் வழியே வந்த காற்றுகூடச் சுட்டது. திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னால் எதிரே வந்த லாரிக்காரர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு நம் பஸ்ஸை நிறுத்தினார். தலையை வெளியே நீட்டி, "ராஜீவ் போயிட்டாருப்பா. குண்டு வச்சிட்டானுங்க. மேல போகாத" என்றார். டிரைவர் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். விளக்கையும் அணைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். முன் சீட்டில் கூடையோடு இருந்த கிழவி மட்டும், "இந்திராம்மா புள்ளையையா? அந்தத் தங்கத்தையா?" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அவருக்கு அப்போது 46 வயது. அந்த அம்மாளுக்கு அவர் புள்ளைதான்.

புதன் முழுக்க அந்தப் புளியமரத்தடியில் கிடந்தோம். மரத்தை வெட்டிச் சாலையில் போட்டிருக்கிறார்கள், தி.மு.க.காரர்கள் வீட்டையும் கொடிக்கம்பத்தையும் உடைக்கிறார்கள் என்று சைக்கிளில் போகிறவர்கள் சொல்லிக்கொண்டே போனார்கள். பக்கத்துக் காலனியிலிருந்து யாரோ ஒரு குண்டானில் கூழ் கொண்டுவந்து ஊற்றினார்கள். இது உனக்கு ஞாபகம் இருக்கும், சாப்பாட்டை நீ மறக்க மாட்டாய். வியாழன் காலை திருச்சி வந்து சேர்ந்தோம்.

இதுவரைக்கும் உள்ள கதையை நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். ஆபீசில், கல்யாண வீடுகளில், எங்கே இந்தப் பேச்சு வந்தாலும். 'நீங்க அன்னைக்கு எங்க இருந்தீங்க?' என்று யாராவது ஆரம்பித்தால் போதும், ஆளாளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். என் மனைவி மதுரையில் மொட்டை மாடியில் படுத்திருந்தாளாம், எதிர்வீட்டு ரேடியோவில் கேட்டாளாம். நானும் லாரிக்காரர், கிழவி, கூழ் என்று சொல்லி முடித்துவிடுவேன். வியாழக்கிழமைக்குப் பிறகு நடந்ததைச் சொன்னதே இல்லை. உன்னிடம்கூட.

நம் தெருவில், மூலை வீட்டுப் பின்கட்டில் குடியிருந்த ஈழத்து அக்காவை நினைவிருக்கிறதா? புருஷன் கனடாவில். ஒரு பெண், ஒரு கைக்குழந்தை. பெண்ணுக்கு எட்டு வயது இருக்கும். எதைக் கேட்டாலும், ஆமாம் என்பதற்கு அவர்கள் ஊர் வழக்கப்படி "ஓம்" என்பாள். அந்த "ஓம்" கேட்பதற்காகவே நாம் அவளிடம் ஏதாவது கேட்போம். "பள்ளிக்கூடம் போனியா?" "ஓம்." "சாப்டியா?" "ஓம்." நீதான் அவளுக்குக் கமர்கட் வாங்கிக் கொடுப்பாய்.

வெள்ளிக்கிழமை, 24ஆம் தேதி, டெல்லியில் தகனம். தூர்தர்ஷனில் காட்டினார்கள். தெருவே பெரிய வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தது. ராகுல் கொள்ளி வைத்தபோது பெண்கள் எல்லோரும் வாய்விட்டு அழுதார்கள், எனக்கும் தொண்டை அடைத்தது. திரும்பிப் பார்த்தேன். அந்த அக்கா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவளும் அழுதாள். வழக்கமாக உள்ளே வந்து பெண்களோடு தரையில் உட்காருகிறவள். அன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புலனாய்வுக்காரர்கள் அப்போதுதான் வேலையை ஆரம்பித்திருந்தார்கள். தெரு அதற்குள் முடிவு கட்டிவிட்டது. புலிகள்தான் செய்தார்கள் என்று பிறகு விசாரணையில் நிரூபணமானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கைக்குழந்தையோடு தப்பித்து வந்தவளுக்கும் அதற்கும் என்ன?

நாலைந்து நாள் கழித்து மளிகைக் கடையில் அந்தப் பெண் எனக்கு முன்னால் நின்றாள். ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். துவரம் பருப்பு கால் கிலோ, சீரகம், தீப்பெட்டி என்று அவள் அம்மா கையெழுத்தில் இருந்தது. கடைக்காரர், "பருப்பு உடைச்சதா, முழுசா?" என்று கேட்டார். பதில் இல்லை. விரலால் ஒரு டின்னைக் காட்டினாள். "ஏன், வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார். அப்போதும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். வெளியே வாயைத் திறக்காதே என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்பது எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. ஒரு "ஓம்" வந்தால் போதும், கடையில் நிற்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். 'நம்ம தெருப் பிள்ளைதான் அண்ணே, கொடுங்க' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னை அங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது. நான் சீயக்காய்ப் பொட்டலத்தில் இருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டு நின்றேன்.

தள்ளிப்போன தேர்தலுக்கு ஜூன் 15 ஓட்டுப்பதிவு. அதற்கு முன்பே வீட்டுக்காரர் அவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். போலீஸ் வந்து பதிவுத் தாள் கேட்டது, அவர் பயந்துவிட்டார். நீ அந்தச் சமயம் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போயிருந்தாய். ஒரு விடிகாலையில் ரிக்ஷாவில் இரண்டு டிரங்குப் பெட்டியும் ஒரு பாயும் ஏற்றினார்கள். புறப்படும் முன் அந்த அக்கா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, அம்மாவிடம் எப்போதோ இரவல் வாங்கிய எவர்சில்வர் தூக்கைத் திருப்பிக் கொடுத்தாள். காலிப் பாத்திரமாகத் தரக்கூடாது என்று உள்ளே ஒரு கை சீனி போட்டிருந்தாள். நான் திண்ணையில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கே போகிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

1992 ஜனவரியில் அகதிகளைக் கப்பலில் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள் என்று படித்தபோதெல்லாம் அந்த ரிக்ஷாதான் கண்ணில் வரும். அவர்களும் அதில் போனார்களா, கனடாவுக்கே போய்விட்டார்களா, தெரியாது. போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். 'ராஜீவ் காந்தி இறந்தபோது நீ எங்கே இருந்தாய்' என்று அவளையும் யாராவது கேட்டிருப்பார்கள் அல்லவா? உறையூரில் இருந்தேன் என்றுதான் சொல்லியிருப்பாள். அந்த உறையூரில் நானும் இருக்கிறேன் மாப்பிள்ளை.

நிலா எத்தனை மணிக்கு மறைந்தது என்பதைக்கூடக் கண்டுபிடித்துவிட்டேன். அந்தப் பிள்ளையின் பெயர்தான் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அம்மாவிடம் காதோடு காதாகக் கத்திக் கேட்டேன். "சீனி போட்டுக் குடுத்தாளே, அவளா?" என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் நினைவில்லை. தூக்கு இன்னும் எங்கள் சமையலறையில்தான் இருக்கிறது, மூடி மட்டும் மாறிவிட்டது.

கமர்கட் வாங்கிக் கொடுக்கும்போது நீ அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாய். 'க'வில் ஆரம்பிக்கும் என்று ஒரு எண்ணம், அதுவும் சரியா என்று தெரியவில்லை. உனக்கு ஞாபகம் இருந்தால் கடிதம் வரைக்கும் காத்திருக்காதே, ராத்திரி எத்தனை மணி ஆனாலும் போன் பண்ணு.

அன்புடன்,
உன் உறையூர்க் கூட்டாளி