நீர்க்காகம் நனைவது குறையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த நீர்க்காகக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஒரே ஒரு வரிதான் உறுத்தியது. எண்ணெய்ச் சுரப்பி இல்லாததால் இறகெல்லாம் நனைந்து, பாவம், கரையேறிச் சிறகைக் காயவைக்கிறது என்று இருந்தது. நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் வால் தொடங்கும் இடத்தில் அதற்கும் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அலகால் அதைத் தொட்டுத் தொட்டு இறகு கோதுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஏன் நனைகிறது? இறகின் அமைப்பு அப்படி. ஓரத்து இழைகள் தளர்வாக இருப்பதால் தண்ணீர் புகுந்துவிடும். நடுப்பகுதி நெருக்கமாக இருப்பதால் தோல்வரை ஈரம் இறங்காது. இறகுக்குள் காற்று குறைந்தால் மிதப்பும் குறையும். முங்கி மீன் பிடிக்கிற பறவைக்கு இதைவிட என்ன வேண்டும்? வாத்து தக்கை மாதிரி மிதக்கும். இது முதுகு அமிழ, கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு போகும். உள்ளே போனதும் சிறகை ஒடுக்கிக்கொண்டு காலால்தான் உந்துகிறது. வாத்துக்கு மூன்று விரல்களுக்கு இடையில்தான் சவ்வு, இதற்கு நான்கையும் சேர்த்து.

ஒருநாள் என் கண்ணெதிரே ஒன்று மீனைக் குறுக்கே கவ்விக்கொண்டு மேலே வந்தது. லேசாகத் தூக்கிப் போட்டுத் தலைப்பக்கமாகப் பிடித்தது. வால் முதலில் போனால் முள் தொண்டையில் மாட்டுமே! கழுத்தில் ஒரு புடைப்பு மெல்ல இறங்கியது, அவ்வளவுதான்.

காலாபகோஸ் தீவுகளில் பறக்கவே முடியாத நீர்க்காகம் ஒன்று இருக்கிறது. அதுகூடக் கரையேறியதும் தன் குட்டைச் சிறகை விரித்துக்கொண்டு நிற்கும்.

வாழிடங்கள் பற்றிய பகுதி சரியாகவே இருந்தது. கடற்பாறையும் சரி, குளத்து மரமும் சரி, மீன் பக்கத்தில் கிடைத்தால் கூட்டமாகக் கூடு கட்டிவிடும். எச்சம் விழுந்து விழுந்து மரமே பட்டுப்போவதை மட்டும் விட்டுவிட்டீர்கள். பட்டுப்போன மொட்டைக் கிளையில்தான் வெயில் நன்றாகப் படும். இவை சிறகு விரித்து உட்காருவதும் பெரும்பாலும் அங்கேதான்.

கடைசியாக, நீங்கள் போட்டிருந்த படம் நீர்க்காகம் அல்ல, பாம்புத்தாரா. அதுவும் சிறகை விரித்துதான் காயும், அதனால் குழப்பம் வருவது இயல்பு. அலகைப் பாருங்கள்: ஊசி மாதிரி நேராக இருக்கிறது. நீர்க்காகத்துக்கு நுனி கொக்கிபோல வளைந்திருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்