அம்மாவின் கதிரையிலிருந்து

வெள்ளவத்தை,
கொழும்பு 6.
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

நீ எழுதியது கிடைத்தது. உன் மனைவியின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததே பெரிய ஆறுதல். கண் தெளிந்ததும் அவர் முதலில் கேட்டது ஒரு நல்ல தொலைக்காட்சியைத்தான் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவவுக்கும் சந்தோசம்.

எங்கள் வீட்டிலும் போன மாதம் இதே பேச்சுத்தான். ஒன்பது வருடம் உழைத்த பழைய பெட்டி ஒருநாள் இரவு செய்தியின் நடுவில் இருண்டுவிட்டது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. திருத்துபவர் வந்து, அறை விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கைத் திரையில் சாய்வாகப் பிடித்தார். உள்ளே செய்தி வாசிப்பவரின் முகம் நிழல்போலத் தெரிந்தது. படம் இருக்கிறது, அதற்குப் பின்னால் இருக்கும் வெளிச்சம்தான் செத்துவிட்டது என்றார். திருத்தும் செலவைக் கேட்டபிறகு புதிது வாங்குவதென்று முடிவெடுத்தோம்.

மகனுக்கு 55 அங்குலம் வேண்டும். நான் கடைக்குப் போவதற்கு முன் அளவு நாடாவை எடுத்தேன். செற்றியிலிருந்து சுவருக்கு எட்டரை அடி. அம்மாவின் சாய்கதிரை அதற்கு நேரே இல்லை, யன்னலோரம், நன்றாகப் பக்கவாட்டில் இருக்கிறது. அந்த யன்னல் கடலைப் பார்த்தது. பின்னேரம் நாலரை மணிக்குமேல் வெயில் ஹோலுக்குள் விழுந்து கிடக்கும். எங்கள் வீட்டில் ஒரு நாளில் ஆறு மணித்தியாலம் தொலைக்காட்சி பார்ப்பவர் அம்மா ஒருவர்தான். ஆகவே அவவுடைய கதிரையில் நானே அரை மணித்தியாலம் உட்கார்ந்து பார்த்தேன். என்ன பெட்டி வாங்குவது என்பது அந்தக் கதிரையில்தான் முடிவானது. விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் நீயும் இதைச் செய்.

கடைக்காரர்கள் முதலில் சொல்வது '4கே'. கிடையாக 3840, நெடுக்காக 2160 புள்ளிகள், மொத்தம் ஏறத்தாழ 83 இலட்சம். அதற்கு முந்திய வகையான முழு எச்டியில் 20 இலட்சம் சொச்சம். கணக்கு உண்மைதான். ஆனால் 43 அங்குலத் திரையை ஐந்தரை அடிக்கு அப்பாலிருந்து பார்த்தால், நல்ல பார்வை உள்ளவருக்கும் முழு எச்டியின் புள்ளிகளே தனித்தனியாகத் தெரியாது. எட்டரை அடியிலிருந்து பார்க்கும் எங்களுக்கு அந்த நான்கு மடங்கால் என்ன ஆதாயம்? இன்னொன்றும் உண்டு. அன்ரெனாவில் வரும் உள்ளூர் அலைவரிசைகளின் படம் பழைய 576 கோட்டுப் படம். அதில் நாலு இலட்சம் புள்ளிகள் அளவே இருக்கும். 4கே பெட்டி அந்த ஒவ்வொரு புள்ளியையும் இருபதாக இழுத்து நிரப்பவேண்டும். திரை பெரிதாகப் பெரிதாக அந்த இழுவை வெளிப்படையாகத் தெரியும். மகனோடு வாக்குவாதப்பட்டு 43இல் நின்றதற்கு இதுதான் காரணம்.

எல்லாக் கடையிலும் பூவும் மீனும் கடலும் ஓடும். அவை அந்தத் திரைக்கென்றே எடுத்த படங்கள். எந்தப் பெட்டியும் அதில் அழகாகத்தான் தெரியும். நான் பென்டிரைவில் உன் கலியாண வீடியோவைக் கொண்டுபோனேன். பழைய விஎச்எஸ் நாடாவிலிருந்து மாற்றி வைத்திருந்தேனே, அதுதான். காலி வீதியில் ஒரு கடையில் நாலு பெட்டிகளில் மாறி மாறிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் உன் அப்பாவின் முகம் மெழுகு பூசியதுபோல் வழுவழுவென்று இருந்தது. இன்னொன்றில் தாலி கட்டும் நேரம் எல்லோருடைய தலையைச் சுற்றியும் வெள்ளைக் கோடு. மூன்றாவதில்தான் அவர் அவராக நின்றார், அந்த நெற்றிச் சுருக்கத்தோடு. விற்பனைக்கு நின்ற பையனும் பேசாமல் பக்கத்தில் நின்று பார்த்தான். உன் அப்பா போய் இத்தனை வருடம் கழித்து, கடையின் நடுவில் என் கண் நிறைந்துவிட்டது.

அந்தப் பெட்டிக்குப் பக்கவாட்டில், அம்மாவின் கதிரை இருக்கும் கோணத்தில் போய் நின்றேன். நிறம் வெளுக்கவில்லை. ஐபிஎஸ் வகைத் திரைக்கு அந்தக் குணம் உண்டு. விஏ என்ற மற்ற வகை நேரே இருந்து பார்ப்பவருக்குக் கறுப்பை நல்ல கறுப்பாகக் காட்டும், பக்கத்தில் இருப்பவருக்கு வெளிறிவிடும். ஐபிஎஸ்ஸில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத்தான் இருக்கும். இரவில் விளக்கணைத்துப் படம் பார்க்கும் மகனுக்கு அது குறை. அம்மாவுக்காக நான் அதை ஏற்றுக்கொண்டேன். உங்கள் வீட்டில் எல்லோரும் நேரே இருப்பீர்கள் என்றால் விஏ எடு.

ஓலெட் திரையின் அழகு வேறு. ஒவ்வொரு புள்ளியும் தானாக ஒளிர்வதால் கறுப்பு முழுக் கறுப்பாகவே இருக்கும். பணம் இருந்தாலும் எங்கள் வீட்டுக்கு நான் அதை எடுத்திருக்கமாட்டேன். அம்மா ஒரே செய்தி அலைவரிசையைக் காலையிலிருந்து வைத்திருப்பா. மூலையில் அசையாத இலச்சினை, கீழே ஓடும் செய்திப் பட்டை. வருடக்கணக்கில் அப்படி ஒளிர்ந்தால் அந்த இடங்களில் தழும்பு படியக்கூடும்.

அன்ரெனாவையும் யோசி. எண்ணியல் (டிஜிட்டல்) ஒளிபரப்புக்கு இலங்கை 2014இல் ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறையைத் தெரிவு செய்தது. அது நடைமுறைக்கு வரும் நாளில், ஐரோப்பிய டிவிபி முறை மட்டும் உள்ள பெட்டிக்குத் தனிக் கருவி வாங்கவேண்டிவரும். விபரத் தாளில் ஐஎஸ்டிபி-டி என்ற பெயர் இருக்கிறதா என்று கேள். நான் கேட்டபோது முதல் இரண்டு கடைகளில் யாருக்கும் தெரியவில்லை.

சத்தம் பற்றித்தான் உன்னிடம் அதிகம் சொல்லவேண்டும். மெல்லிய பெட்டிகளின் ஒலிபெருக்கி பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கிறது. பேச்சு மேசையில் மோதித்தான் காதுக்கு வருகிறது. அம்மா சத்தத்தைக் கூட்டுவா, இசை இடியாக வரும், வசனம் அப்போதும் விளங்காது. சவுண்ட்பார் என்ற சிறிய நீள ஒலிபெருக்கி ஒன்றை, பெட்டியின் சத்தத்தை வெளியே அனுப்பும், ஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில் பொருத்தி, பேச்சைத் தெளிவாக்கும் முறையில் வைத்தேன். அன்று இரவு நாடகம் முடிந்ததும் அம்மா, "அந்த மாமியார் என்ன சொன்னவ எண்டு இண்டைக்குத்தான் விளங்கினது" என்றா. திரைக்குக் கொடுத்த காசைவிட இந்தச் சிறு காசு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. உன் மனைவிக்குக் கண்தான் குறையாக இருந்தது, ஆனால் உனக்குக் காது எப்படியென்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று மாற்றம் செய். கடையில் வைத்திருந்த பளிச்சிடும் படமுறையை மாற்றி 'சினிமா' முறைக்குப் போ. அசைவை வழவழப்பாக்கும் வசதியைக் கிரிக்கெட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சினிமாப் படத்துக்கு நிறுத்து. நொடிக்கு 24 சட்டங்களில் (பிரேம்களில்) எடுத்த படத்துக்குப் பெட்டி தானாக இடைச்சட்டங்களைச் செய்து நுழைப்பதால்தான் நல்ல படம்கூட மலிவான நாடகம்போல் தெரிகிறது. போட்டவுடன் செயலிகள் நிறைந்த முகப்புக்குப் போகாமல், கடைசியாகப் பார்த்த இடத்துக்கே போகும்படி வைக்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு. அதைத் தேடிச் செய்துகொடுத்த பிறகுதான் அம்மா யாரையும் கூப்பிடாமல் தானே தொலைக்காட்சி போடுகிறா.

முதல் நாள் கேட்கும் சம்மதங்களுக்கெல்லாம் 'ஆம்' என்று அழுத்திவிடாதே. எதைப் பார்க்கிறோம் என்பதைத் திரையிலிருந்தே அறிந்து நிறுவனத்துக்கு அனுப்பும் வசதி அதற்குள் இருக்கலாம். சம்மதம் கேட்காமல் அப்படிச் சேகரித்ததாக வந்த வழக்கில், 2017இல் அமெரிக்காவின் விசியோ நிறுவனம் 22 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. அந்த வசதியை அணைத்துவிட்டால் படத்தில் ஒரு குறையும் வராது.

இணையத்தில் 4கே படம் மணித்தியாலத்துக்கு 7 ஜிபி வரை இழுக்கும். உன் மாத டேட்டா அளவோடு இருந்தால் எச்டியில் நிறுத்து. மின்சாரத்தை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச்சில் 13 மணித்தியால வெட்டு, 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடே இருண்ட ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் பார்த்துவிட்டோம். போன மின்சாரம் திரும்பும் நேரம்தான் பெட்டிக்கு ஆபத்து. மின்தாவலைத் தடுக்கும் செருகி ஒன்று வாங்கு. இடி முழங்கினால் அன்ரெனா வயரையும் கழற்று.

அன்று பெட்டியைச் சுவரில் மாட்டியதும் எனக்கு 1996 மார்ச் 17 நினைவு வந்தது. நம் போர்டிங்கின் 14 அங்குலப் பெட்டிக்கு முன்னால் பதினைந்து பேர். லாகூரில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டம், அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. அன்ரெனாவைப் பிடித்துக்கொண்டு நீ யன்னலில் நின்றாய். கையை எடுத்தால் படம் போய்விடும் என்று கடைசி ஓட்டம் வரை நீ திரையைப் பார்க்கவே இல்லை. நாங்கள் கத்திய சத்தத்தில்தான் வென்றது உனக்குத் தெரிந்தது. இந்த முறை நீ நடுவில் உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

இப்போது எனக்கு மூன்று அளவு வேண்டும். உன் மனைவி உட்காரும் கதிரையிலிருந்து சுவருக்கு எத்தனை அடி, அந்தக் கதிரை நேரேயா பக்கவாட்டிலா, வெயில் எந்த நேரம் உள்ளே வருகிறது. எழுது. வாங்கும் அன்று யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன், கலியாண வீடியோவையும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்