பொருள்: உயிருள்ள கூடு என்று சொல்லிச் செத்த பட்டுக்கூடு அனுப்பியது

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன், மின்னஞ்சல், சாட் என்று எல்லா வழியிலும் கேட்டு ஓய்ந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன். ஆர்டர் விவரம் உங்களிடமே இருக்கிறது. வீட்டில் பட்டுப்பூச்சி வளர்க்கும் அந்தப் பெட்டிதான்.

பத்துப் பன்னிரண்டு நாளில் பூச்சி வரும் என்று கையேட்டில் போட்டிருந்தீர்கள். விடிகாலையில்தான் வரும் என்பதால் என் மகள் தினமும் இருட்டோடு எழுந்து பார்த்தாள். ஒன்றுகூட வரவில்லை. கடைசியில் ஒரு கூட்டைப் பிளேடால் கீறினேன். உள்ளே கூட்டுப்புழு கருத்துச் சருகாகிக் கிடந்தது, விரலால் அமுக்கியதும் பொடிந்தது. உயிருள்ளது மெத்தென்று பழுப்பாக இருக்கும், தொட்டால் வயிற்றை நெளிக்கும். பூச்சி துளைத்து வந்தால் இழை அறுந்துவிடும் என்று நூல் எடுப்பவர்கள் கூட்டைச் சூடேற்றிப் புழுவைக் கொல்வார்கள். அந்தக் கூட்டைத்தான் எங்களுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். இது உங்களுக்குத் தெரியாததா?

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஜன்னலைத் திறந்து வச்சிருப்பீங்க மேடம், பறந்து போயிருக்கும்." பட்டுப்பூச்சி பறக்காது சார்! இறக்கை இருந்தும் அதனால் பறக்க முடியாது. கூட்டில் ஓர் ஓட்டைகூட இல்லையே என்றேன். "ஒரு பூச்சிக்கு இவ்வளவு பேச்சா?" என்று லைனைத் துண்டித்துவிட்டார். பூச்சியை விற்கிற கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு பேசுகிற பேச்சா இது?

அதற்கு முன்பே, கூட்டை நேரில் கொண்டுவரச் சொன்னார்கள் என்று லீவு போட்டுச் சேலத்திலிருந்து ஓசூர் கிடங்குக்கு வந்தேன். இங்கே ரிட்டர்ன் வாங்குவதில்லை என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். மதிய வெயில், கையில் பெட்டி, பக்கத்தில் மகள். உள்ளே வந்து உட்காருங்கள் என்றுகூட யாரும் சொல்லவில்லை.

ஒரு தாய்ப்பூச்சி 400, 500 முட்டை இடும். அதிலிருந்து வரும் புழுக்களுக்குத் தீனியாக மல்பெரிச் செடி வாங்கி வைத்தேன், அது தளிர் விட்டு நிற்கிறது. பள்ளிக் கண்காட்சியும் போயிற்று. என் மகளுக்கு இந்த வருஷமே பாழாகிவிட்டது.

தயவுசெய்து முழுப் பணத்தையும், செடிக்கும் பயணத்துக்கும் ஆன செலவையும் ஒரு வாரத்துக்குள் தாருங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்வேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். கீறிய கூடுகளின் போட்டோவும் உங்கள் விளம்பரமும் பத்திரமாக இருக்கின்றன. அப்புறம், பதிலை எழுத்தில் அனுப்புங்கள். அந்த நபரை மட்டும் மறுபடி எனக்கு போன் செய்யச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், சேலம்